பெல்லெகன்ஸ் ரத்தம்

பந்தய ஞாயிறுகளில் எங்கள் தெருவில் யாரும் துணி காயப்போட மாட்டார்கள். கொடியில் வெள்ளைத் துணி ஆடினால் திரும்பி வரும் புறா மிரண்டு கூரையிலேயே உட்கார்ந்துவிடும். கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாவுக்கு மதிப்பில்லை. அது கூண்டுக்குள் வர வேண்டும். காலில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டிக்குள் போட்டுக் கைப்பிடியைத் திருப்பி நேரத்தைப் பதிக்க வேண்டும். அப்போதுதான் புறா வந்ததாக அர்த்தம். அதுவரை தெரு மூச்சுக் காட்டாது.

உங்கள் கட்டுரையை இதிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு முன்னால் வந்த பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் கண்ணிலிருந்து தொடங்கினார்கள். நல்ல ரத்தம் புறாவின் கண்ணில் தெரியும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். ஜப்பானிலிருந்து ஒருவர் லென்ஸோடு வந்து, எங்கள் சமையலறை ஜன்னலோரம் ஒரு கிழட்டுப் பெட்டையின் இடது கண்ணை வெகுநேரம் பார்த்தார். இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததே இல்லை என்றார். அந்தக் கண்ணில் அதற்குப் பார்வையே கிடையாது. அண்ணன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பெல்லெகன்ஸ் புறாக்களை நினைவுகூர வந்திருக்கிறீர்கள். அவற்றை உருவாக்கியவர் கொம்மார் பெல்லெகன்ஸ் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். என் அண்ணன் கொம்மாருக்கு அந்தக் கைப்பக்குவம் இருந்தது. ஒரு புறாவை உள்ளங்கையில் வாங்கினால் அது எந்த ஊர்ப் பந்தயத்துக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவான். ஆனால் ஒன்றை உருவாக்குவது வேறு, காப்பாற்றுவது வேறு. காப்பாற்றியவன் நான். அப்பா காலத்து நீலப் புறாக்களுக்குப் பிறகு எங்கள் கூண்டுக்குள் வெளி இறகு ஒன்றுகூட விழுந்ததில்லை. அண்ணனுக்குத் தங்கை, மகனுக்குத் தாய் என்று ஜோடி சேர்த்தோம். புறாக்களைச் சொல்கிறேன்.

வயதானதும் அண்ணனுக்கு மனது இளகிவிட்டது. ஒரு வசந்தத்தில் கூண்டிலிருந்து இறங்கி வந்தான். தொப்பிக்குள் முட்டைகள்.

"பாதி கூமுட்டைடா, கமீல்."

"இந்த வருஷம் குளிர் ஜாஸ்திண்ணே."

"டிஸ்ட் வீட்ல மட்டும் குளிரலையா? அங்க குஞ்சுங்க கூரை ஏறிக் குதிக்குது. நமக்குப் பொறக்குற ஒண்ணு ரெண்டும் நெஞ்செலும்பு கோணிக்கிட்டுப் பொறக்குது. ரத்தம் கெட்டியாப் போச்சுடா. கொஞ்சம் தண்ணி ஊத்தணும்."

டிஸ்ட் எதிர்வீட்டுக் கரி வியாபாரி. அவனிடம் இருந்தவை புறாக்கள் என்றே நான் நினைத்ததில்லை. சந்தையில் வாங்கியவை, வழிதவறி வந்தவை, யாரோ சூப்புக்குக் கொடுத்து அவன் இரக்கப்பட்டு வைத்துக்கொண்டவை. எல்லாவற்றின் மேலும் கரித்தூள். அந்தக் கும்பலிலிருந்து ஒரு புள்ளிப் பெட்டையை அண்ணன் ரொட்டிப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். எங்கள் கூண்டின் மிகச் சிறந்த ஆணோடு விட்டான்.

அன்று மதுக்கடையில் டிஸ்ட் மேஜையைத் தட்டினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எம் பொண்ணை பெல்லெகன்ஸ் அரண்மனைல கட்டிக் குடுத்துட்டேன். சீதனம் ரெண்டு மூட்டை கரி. கமீலு, இனிமே என்னை மரியாதையாக் கூப்பிடணும், நாம சம்பந்தி."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அந்தக் கூட்டத்தில் சிரிக்காதவன் நான் ஒருவன்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பன்றி சேற்றில் புரள்வதைப் பார்த்து யாரும் கோபப்படுவதில்லை.

கலப்பில் பிறந்த ஆண் வளர்ந்தது. இரண்டாவது கோடையில் அண்ணன் ஒரு பேச்சு வைத்தான். பிரான்சில் பூர்ஜ் நகரத்திலிருந்து நடக்கும் தேசியப் பந்தயத்துக்கு இந்தக் கலப்பும் போகும், நான் தேர்ந்தெடுக்கும் சுத்த நீலம் ஒன்றும் போகும். கலப்பு முதலில் வந்தால் அடுத்த குளிர்காலத்தில் எங்கள் ஆண்கள் எல்லாவற்றுக்கும் வெளிப் பெட்டைகள். நீலம் முதலில் வந்தால் டிஸ்டின் பெட்டை திரும்பிப் போகும், அண்ணன் கலப்புப் பேச்சையே எடுக்க மாட்டான். நான் ஒப்புக்கொண்டேன். குதிரையோடு கழுதையை ஓடவிடலாமா என்று கேட்டால் குதிரைக்காரன் ஏன் மறுக்க வேண்டும்?

மௌனச் சட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதை உண்டாக்கியவன் அண்ணன்தான். புறா கூரையில் இருக்கும்போது யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது, முற்றத்தைக் கடக்கக் கூடாது. எங்கள் சித்தி மாடியறையில் சாகக் கிடந்த ஞாயிறன்று பாதிரியார் கடைசி எண்ணெய் பூச வந்தார். அண்ணன் வெளிக்கதவிலேயே கையைக் காட்டி நிறுத்தினான்.

"சாமி, கொஞ்சம் பொறுங்க. மேல ஒண்ணு உக்காந்திருக்கு."

பாதிரியாரும் புறா வைத்திருப்பவர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேலியோடு ஒட்டி நின்றார். "நீலமா, புள்ளியா?" என்று மட்டும் மெல்லக் கேட்டார். புறா இறங்குவதற்குள் சித்தி போய்விட்டாள். அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை, பாதிரியார் எதிர்பார்க்கவும் இல்லை. எங்கள் வீட்டில் கடவுளையே வாசலில் நிறுத்திய சட்டம் அது. மற்றவர்களுக்கு ஒரு நியாயம், சட்டம் போட்டவனுக்கு வேறு நியாயம் என்று யாரும் சொல்ல முடியாது.

பூர்ஜ் பந்தய நாளன்று காலையில் புறாக்களை விட்டாயிற்று என்று வானொலி சொன்னது. நானும் அண்ணனும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அண்ணி ஈர்மா வழக்கம்போல் சமையலறையில், திரைக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் என் நாற்காலி தெரியும். அண்ணன் நாற்காலி மழைத்தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது, தெரியாது. அவனுக்கு அதற்கு முந்தின குளிர்காலத்திலிருந்து நெஞ்சுவலி. நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அது சமையலறை ஜன்னல் திண்டில் ஒரு தகர டப்பாவில் இருக்கும். சட்டைப்பையில் வைத்தால் கிலுகிலுக்கும், தீனி டப்பா என்று புறா குழம்பிவிடும் என்று அவனே அங்கே வைத்தான்.

புறா தாழப் பறந்து டிஸ்டின் புகைபோக்கிக்கு மேலாக வந்தது. எனக்கு முன்னால் அண்ணன் அடையாளம் கண்டுகொண்டான்.

"வந்துட்டான்டா," என்றான், உதடு அசையாமல். "கரிக்காரன் பேரன்."

கலப்பு கூரை முகட்டில் உட்கார்ந்தது. அண்ணன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. கை நெஞ்சுக்குப் போனது.

"கமீல், மாத்திரை."

அப்போதும் மெல்லத்தான் சொன்னான். பழக்கம்.

நான் கூரையைப் பார்த்தேன். புறா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பொறுண்ணே," என்றேன். "மேல இருக்கு."

அவன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தான். ஒரு கையைத் தூக்கினான். அசையாதே என்று சொல்கிறான் என எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள இடமுண்டு. அப்புறம் "தம்பி" என்று கூப்பிட்டான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. சத்தமாகக் கூப்பிட்டான். புறா எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிப் புகைபோக்கி மேல் உட்கார்ந்தது. சட்டத்தை மீறியது அவன், நானல்ல.

திரை கொஞ்சம் விலகியது.

"வந்துடுச்சா?" அண்ணி கிசுகிசுத்தாள். "அவரு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே."

நான் விரலை உதட்டில் வைத்தேன். திரை மூடிக்கொண்டது. அவளைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததில்லை. ஆனால் கீழ்ப்படிவாள்.

புறா ஒருவழியாக இறங்கி உள்ளே போனது. நான் ஏணியில் ஏறினேன். கையில் எடுத்துப் பார்த்தேன். பட்டுப்போல் இருந்தது, மூச்சுகூட வாங்கவில்லை. கலப்பு முதல் தலைமுறையில் அப்படித்தான் இருக்கும், ஏமாறக் கூடாது. வளையத்தைக் கழற்றினேன். கடிகாரம் பக்கத்திலேயே இருந்தது. வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறாவின் கழுத்தைத் திருகினேன். புறா வளர்க்கும் எல்லோரும் செய்கிற வேலைதான் அது.

இறங்கி வந்தபோது அண்ணனுக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. கைப்பிடி திரும்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். அது கேட்கவில்லை. என்னைப் பார்த்தான். புரிந்திருக்கும். அவனுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீலம் இன்னும் வரவில்லை.

அது வந்தது. தாமதமாகத்தான், ஆனால் கூரையில் உட்காரவே இல்லை, நேராக உள்ளே போனது. வளர்ப்பு என்றால் அது. வளையத்தைப் போட்டுக் கைப்பிடியைத் திருப்பிவிட்டுச் சமையலறைக் கதவைத் திறந்து, "அண்ணி, அண்ணனுக்கு என்னவோ ஆயிடுச்சு," என்றேன்.

மாலையில் மதுக்கடையில் கடிகாரங்களைத் திறந்தார்கள். நாட்டிலேயே முதல் பரிசு வாங்கிய புறா எப்போது வந்தது என்று தெரிந்தது. தூர வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் அதற்கு முன்பே ஒரு புறா எங்கள் கூரையில் உட்கார்ந்திருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டிஸ்ட் சவ அடக்கத்துக்குக் கறுப்புக் கோட்டில் வந்தான். அப்போதும் நகக்கண்ணில் கரி.

"நம்ம பையன் வந்தானா, கமீல்?"

"வரலை."

"பருந்து அடிச்சிருக்கும். கொம்மாரு அவன்மேல உசிரையே வெச்சிருந்தான்யா," என்று அழுதான். எதற்காக அழுதான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அவன் பெட்டையை அந்த வாரமே திருப்பிக் கொடுத்தேன். நீலம் வந்தது, கலப்பு வரவில்லை. பேச்சு பேச்சுதான்.

அண்ணி சாப்பிடாமல் கிடந்தாள். சூப் வைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் குடித்ததும் முகத்தில் ரத்த ஓட்டம் வந்தது.

"நல்லாருக்கு கமீல். எந்தப் புறா?"

"வேண்டாததுதான் அண்ணி."

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொல்வாள்: "கடைசில நீ அவரு பக்கத்துல இருந்தியே, எனக்கு அது போதும்." போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். அதனால்தான் உங்களை உள்ளே விட்டேன்.

எங்கள் புறாக்கள் ஏன் அழிந்தன என்று கேட்டீர்கள். நோய் என்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள் என்கிறார்கள். உளறல். வெளிநாட்டுக்கு நான் எதையும் விற்கவில்லை, ஒரு முட்டைகூட வெளியே கொடுக்கவில்லை. கூமுட்டைகள் அதிகமாயின, குஞ்சுகள் குறைந்தன. கடைசிப் பெட்டைக்குப் பறக்க வராது. கூண்டுத் தரையில் சுவரோரமாக நடந்துகொண்டே இருக்கும். அதன் கண்ணை எந்த லென்ஸில் பார்த்திருந்தாலும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.

அண்ணனை நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார், நானும் அதை நம்புகிறேன். மறுத்துக் கடிதம் போட மாட்டேன். ஆனால் கலப்பு முதலில் வந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். அன்றைக்குக் காற்று அதற்குச் சாதகமாக இருந்தது.