உள்ளே வா என்று ஒரு பாட்டு

— பதில் பாடும்மா.

— லெய்மோமி, அதை மட்டும் என்கிட்ட கேக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

— இன்னைக்குக் கேக்கறேன். எங்க டீச்சரும் கூடப் படிச்சவங்களும் விருந்துக்கு வந்து வேலிக்கு வெளிய நிக்கிறாங்க. வரலாமான்னு பாடிட்டாங்க. வீட்டுக்காரி வான்னு பாடாம காலெடுத்து வைக்க மாட்டாங்க.

— அலோஹா, உள்ள வாங்க, இலையில கட்டின கறி ஆறுதுன்னு கூட்டிட்டு வா. கன்னத்துல ஒரு முத்தம், முடிஞ்சுது. ஹவாய்ல இப்ப எல்லாரும் அப்படித்தானே.

— முறையா கேட்டு நிக்கிறவங்களுக்கு அது பதில் இல்ல. கதவைச் சாத்துறதும் அதுவும் ஒண்ணு.

— அப்போ நீ பாடு. குடும்பத்துலயே பட்டம் வாங்கின மகாராணி நீதானே.

— நீ உள்ள இருக்கும்போது நான் பாடினா உனக்குத்தான் அசிங்கம். அது நம்ம வீட்டுப் பாட்டும்மா.

— வீட்டுப் பாட்டா? ஹோட்டல் வாசல்ல பஸ் நின்னா பாடுறேன், ஒரு நாளைக்கு நாலு தடவை. பாதிப் பாட்டுல ஜூஸ் கிளாஸை நீட்டணும். இறங்குறவன் ஒருத்தனாவது வரலாமான்னு கேட்டிருப்பானா? கேக்காதவனுக்கெல்லாம் பாடித் தீர்த்துட்டேன்டி.

— அதுக்கு வீட்டுல ஏன் வாயை மூடிக்கிற?

— உன் மாமன் கைநோவா ஒருநாள் அந்த ஹோட்டல் லாபில வந்து நின்னான். நான் பாடினதை முழுசாக் கேட்டான். முன்னல்லாம் இந்த வீட்டு வாசல்ல நின்னு பாடுவான், நான் பதில் பாடுவேன், பழைய முறைப்படி நெத்தியும் மூக்கும் ஒட்டி ஒரே மூச்சை இழுப்போம். இப்போ வண்டிய நிறுத்தாம கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஆட்டிட்டுப் போறான், பெட்ரோல் போடுறவனுக்கு ஆட்டுற மாதிரி. எட்டு வருஷமாச்சு. எந்த வாயால பாடச் சொல்ற?

— என்னைப் படிக்க வச்ச வாயால.

— அந்த ஹோட்டல் பக்கமே வர மாட்டான் அவன். யார் போய்ச் சொன்னாங்கன்னுதான் தெரியல.

— திரும்பப் பாடுறாங்க. கேக்குதா?

— கேக்குது, கேக்குது. ஏன் செருப்பை மாட்டுற? உன் வீட்டை விட்டுட்டு எங்கடி போற?

— வேலிக்கு வெளிய. அவங்களோட நின்னு நானும் கேக்கப்போறேன். நீ பாடினா உள்ள வர்றேன், இல்லைன்னா அவங்களோடயே போயிடறேன். எங்கம்மா பண்ற கூத்தைப் பாருங்கன்னு மாமாவை அன்னைக்கு அந்த லாபிக்குக் கூட்டிட்டு வந்தது நான்தான்மா.