கேட்காமல் ஊற்றிய தண்ணீர்

சாந்தாமணி அம்மாளின் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் சங்கச் செயலாளர் தம்பி தமிழ்ச்செல்வன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாளின் மகள் அன்புக்கரசி அவர்களே, ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் மில் குவாட்டர்ஸ் மக்களே, இடம் போதாமல் வாசலில் நிற்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் காளிச்சாமியின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரும் காகிதத்தைப் பார்த்துப் பேசினார்கள். நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் காகிதத்தால் பயன் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். உங்களை அழவைக்க நான் வரவில்லை. அழுது முடித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

யார் இந்தச் சாந்தாமணி அம்மாள்? நம் மில் ஓடிய காலத்தில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் நின்று வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு நம் காய்கறித் தோட்டக் கமிட்டியின் தலைவி. தேர்தல் வைத்தா தலைவி ஆனார்? இல்லை! யாருக்கும் வாய் வராத இடத்தில் அவர் வாய் திறந்து கேட்டார். அதனால் தலைவி.

2019ஆம் வருடம், பொங்கல் கழிந்து மூன்றாம் நாள். குவாட்டர்ஸுக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் நிலம் முள்ளும் உடைந்த பாட்டிலுமாகக் கிடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. நிலத்துக்காரர்களின் மேனேஜர் சென்னகிருஷ்ணன் அன்றைக்கு வேலியைப் பார்க்க வந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சாந்தாமணி அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க மேனேஜருங்க, இந்த எடத்துல குடியிருக்கற பாம்புககிட்ட வாடகை ஏதாச்சும் வாங்கறீங்களா?"

"என்னம்மா, கிண்டலா?"

"கிண்டலெல்லாம் இல்லீங்க. அதுக சும்மா இருக்குதுன்னா, நாங்களும் ஒரு ஓரமா ரெண்டு வெண்டச்செடி வெச்சுக்கறமுங்க. மில்லுதான் இனி சோறு போடாது. மில்லு மண்ணாச்சும் கொழம்புக்குக் காய் போடட்டும்."

அவர் சிரித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து வந்து மூன்று நிபந்தனைகள் சொன்னார். கொட்டகை போடக் கூடாது. விளைந்ததை விற்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வந்து பார்க்கும்போது ஒரு பாத்திகூடக் காய்ந்து கிடக்கக் கூடாது. ஒன்று காய்ந்தால் மொத்த நிலத்துக்கும் கம்பி வேலி போட்டு மூடிவிடுவார்கள். இந்த மூன்றாவது நிபந்தனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

இருபத்தாறு வீடுகள், வீட்டுக்கு மூன்று பாத்தி. முதல் பட்டத்தில் என்ன செய்தோம்? தக்காளி கிலோ அறுபது ரூபாய் விற்றுக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வீட்டுக்காரர்கள் மூன்று பாத்தியிலும் தக்காளி நட்டோம்! பழுத்தபோது சந்தையில் தக்காளியைக் கேட்க ஆள் இல்லை. நமக்கோ விற்க அனுமதி இல்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம் என்றால் அவர்களும் ஒரு கூடையோடு எதிரே வந்தார்கள். வீடு வீடாகத் தக்காளிச் சட்னி, தக்காளி ரசம். கத்தரிக்காயும் கீரையும் வாங்க வழக்கம்போல் உழவர் சந்தைக்குப் பணம் போய்க்கொண்டே இருந்தது. மிச்சம் பிடிக்கத் தோட்டம் போட்டவர்கள் விதைக்கும் எருவுக்கும் கொடுத்ததுதான் மிச்சம்.

இருபத்தாறாவது வீடு சாந்தாமணி அம்மாளுடையது. அவர் பாத்திகளில் கத்தரி, அவரை, கீரை, ஒரு வரிசை மிளகாய், நான்கே நான்கு தக்காளிச் செடி. வேலியில் அரசாணிப் பூசணி.

என்னிடம் சொன்னார்: "காளிச்சாமிண்ணா, எல்லாரும் சந்தை வெலையப் பாத்து நட்டுப்போட்டீங்க. ஊட்டுச் சட்டியப் பாத்தல்லங்க நட்டிருக்கோணும்?"

அடுத்த ஞாயிறு வீடு வீடாகப் போனார். போன வாரம் என்ன காய் வாங்கினீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டார். அவர் கேட்கக் கேட்க அதை நினைவில் வைத்துக்கொள்வது என் வேலை. சில வீட்டில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். சில வீட்டில் வசவு கொடுத்தார்கள். "எங்க ஊட்டுச் சட்டிய எட்டிப் பாக்கறதுக்கு நீ யாரு அம்மணி?" என்று கேட்டவர் இந்தச் சபையில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அவர் வீட்டில் அந்த வாரம் வாங்கியது இரண்டு கிலோ கத்தரிக்காய், ஒரு சுரைக்காய், கீரை நான்கு கட்டு. அடுத்த பட்டத்தில் அந்தந்த வீட்டுக் கணக்குப்படிதான் நட்டோம். இப்போது அவர் இவற்றில் ஒன்றையும் கடையில் வாங்குவதில்லை. நம் வீடுகளில் காய்க்குப் போன பணம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையால்தான். அடுத்த வருடம் கொரோனாவில் கடைகள் சாத்திக் கிடந்தபோது இந்தக் குவாட்டர்ஸில் ஒரு வீட்டிலாவது வெறும் ரசம் மட்டும் வைத்தார்களா? சொல்லுங்கள்!

இறந்தவர் என்பதற்காக எல்லாமே நல்லது என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு வாய் அதிகம். ரம்ஜான் பீவி அம்மாளின் வெண்டைக்காய் ஒருநாள் முற்றினால் போதும், வரப்பில் நின்று ஆரம்பிப்பார்.

"பீவிக்கா, அந்த வெண்டக்கா பேத்தி கண்ணாலத்துக்குன்னு உட்டு வெச்சிருக்கறீங்களா, இல்ல இன்னிக்கே பறிக்கறீங்களா?"

"நீ உன்ற அவரையப் பாரு. பூச்சி குடும்பம் நடத்துது அதுல."

இப்படி ஆறு வருடம். இருவரில் ஒருவர் வராத நாளில் தோட்டம் சத்தமில்லாமல் இருக்கும், மற்றவர் மோட்டார் ரூம் பக்கத்து வழியை எட்டி எட்டிப் பார்ப்பார்.

இப்போது அவர் போட்ட சட்டத்துக்கு வருகிறேன். யாரோ ஒரு புண்ணியவான் உதவி செய்வதாக நினைத்து ரம்ஜான் பீவி அம்மாளின் பாத்தியில் களை எடுத்தார். களை என்று பிடுங்கிப் போட்டது முழுக்கப் புதினா. பெரிய சண்டை. அன்று மாலை சாந்தாமணி அம்மாள் சொன்னார்: "கேக்காம அடுத்தவிய பாத்தியில ஆரும் கை வெக்கக் கூடாது. பறிக்கவும் கூடாது, களை எடுக்கவும் கூடாது, தண்ணி உடவும் கூடாது. மீறினா ரெண்டு நாள் வாய்க்கா சேறு வாரோணும்." எல்லோரும் சரி என்றோம். அந்தப் புண்ணியவான் முதல் ஆளாக வாய்க்கால் வாரினார். அது நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசியில், எனக்கு டெங்கு வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அந்த ஐப்பசியில் சொட்டு மழை இல்லை. பத்தாம் நாள் வந்து பார்க்கிறேன், என் மூன்று பாத்தியும் பச்சைப் பசேல் என்று நிற்கின்றன. எனக்குச் சந்தோஷமா வந்தது? கோபம் வந்தது!

"ஆரைக் கேட்டுங்க என்ற பாத்திக்குத் தண்ணி உட்டது?" என்று கத்தினேன்.

"நாந்தானுங்கண்ணா. கேட்டுப்போட்டு உடலாம்னுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உங்களுக்கு டிரிப்ஸ் ஏறிட்டு இருந்துச்சு. எழுப்பிக் கேட்டா நர்ஸம்மா என்னையில்ல வையும்?"

சொல்லிவிட்டு அவர் என்ன செய்தார்? மம்பட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். தலைவி அவர். யாரும் தண்டனை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு நாள், மோட்டார் ரூமிலிருந்து கடைசி மடை வரை, சேறு முழுவதையும் வாரிப் போட்டார். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் காதில் போட்டிருக்க மாட்டார்.

சபையோர்களே, இதைச் சொல்லத்தான் நான் எழுந்தேன். சாந்தாமணி அம்மாள் காலமாகிப் பன்னிரண்டு நாள். இந்த வெயிலில், நேற்றுவரை பதினோரு நாள், அவருடைய மூன்று பாத்திக்கும் யாராவது தண்ணீர் விட்டோமா? ஒருவரும் விடவில்லை! ஏன்? வெறுப்பா? சோம்பலா? இல்லை. மரியாதை! கேட்காமல் கை வைக்கக் கூடாது. கேட்கலாம் என்றால் பாத்திக்காரர் இல்லை. துக்க வீட்டில் போய் மகளிடம், கத்தரிக்குத் தண்ணீர் விடலாமா கண்ணு என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்று அன்புக்கரசி நினைத்திருக்கிறார். மகள் சொல்லட்டும் என்று கமிட்டி காத்திருக்கிறது. நாம் இப்படி மரியாதை பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாம் நாள் பெய்த ஒரு சிறு மழையை வைத்துச் செடிகள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. கீரைப் பாத்தி போய்விட்டது. அவரை பாதி போய்விட்டது.

வரும் வியாழக்கிழமை சென்னகிருஷ்ணன் பார்வையிட வருகிறார். மூன்றாவது நிபந்தனை நினைவிருக்கிறதா? காய்ந்த பாத்தி ஒன்று இருந்தாலும் இருபத்தாறு வீட்டுத் தோட்டமும் போகும். யார் பாத்தியால் போகும்? சாந்தாமணி பாத்தியால்! பாம்பிடமிருந்து வாங்கிக் கொடுத்தவருடைய பாத்தியால்! இங்கே ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தோம். அந்த நேரத்திலும் செடி காய்ந்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே இந்தச் சபையில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இன்று காலை என் முறைத் தண்ணீரை அந்த மூன்று பாத்திக்கும் திருப்பிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் எட்டிப் பார்த்தேன். கத்தரி இலை நிமிர்ந்திருக்கிறது. காய்ந்த கீரைப் பாத்தியைக் கொத்தி வெந்தயம் தூவியிருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் முளை தெரியும்.

அன்புக்கரசி, கண்ணு, பெரியநாயக்கன்பாளையத்தில் வேலையை வைத்துக்கொண்டு உன்னால் தினமும் இங்கே வர முடியாது. ஞாயிறுதோறும் வா. உன் அம்மாவின் பாத்தியில் காய் இருக்கும், பறித்துக்கொண்டு போ. மற்ற ஆறு நாளும் அதற்குத் தண்ணீர் போகும். இது என் வாக்கு.

சட்டம் சட்டம்தான். நாளைக் காலை ஆறு மணிக்கு மம்பட்டியோடு வாய்க்காலில் இறங்குகிறேன். எழுபத்தெட்டு வயதில் தனி ஆளாக வாரினால் இரண்டு நாளில் முடியாது. வியாழக்கிழமையும் தாண்டிவிடும். ஆள் சேர்ந்தால் அரை நாளில் முடியும். ஆனால் தண்டனை குற்றம் செய்தவர்களுக்கு மட்டும்தான். குற்றம் செய்யாதவர்களை வாய்க்காலில் இறங்கவிட மாட்டேன்.

எனவே, நாளை வர விரும்புகிறவர்கள் இன்று வீட்டுக்குப் போகும் வழியில் தோட்டத்துக்குப் போங்கள். சாந்தாமணி அம்மாளின் பாத்தியில் ஆளுக்கு ஒரு குடம் ஊற்றுங்கள். யாரையும் கேட்காமல் ஊற்றுங்கள்!

வணக்கம்.