தட்டு சிஸ்டரும் குலுங்கிய எழுத்தும்

தலைமை தாங்கும் பெரிய டாக்டர் அவர்களே, பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிஸ்டரின் மகனே, பணி நடுவே ஓடி வந்திருக்கும் சிஸ்டர்மார்களே, ஊசிப் பையை மடியில் வைத்திருக்கும் என் சர்க்கரைக் கூட்டாளிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

என் மூத்த பேரன் பாலம் கட்டும் இன்ஜினியர். அடுத்த பேத்தி வக்கீல்; முதல் வழக்கிலேயே ஜெயித்தாள். மூன்றாமவள் நானூறு மீட்டர் ஓட்டத்தில் முதல் பரிசு. கடைக்குட்டி, மேடையில் பாட்டு மறந்துபோயும் கடைசிவரை இறங்காமல் நின்றான், அதுவும் வெற்றிதான்!

இரங்கல் கூட்டத்தில் இவள் ஏன் பேரப்பிள்ளைப் புராணம் பாடுகிறாள் என்று முகம் சுளிக்காதீர்கள். அத்தனையையும் நான் நடந்து போய்ப் பார்த்தேன். இந்த வலது காலால்! ஒன்பது வருடத்துக்கு முன்பே போயிருக்க வேண்டிய கால். காப்பாற்றியவர் யார்? சர்க்கரைப் பிரிவின் மூத்த செவிலியர், நம் தட்டு சிஸ்டர்!

அப்போது எனக்கு நாளுக்கு ஒரே இன்சுலின் ஊசி. காலில் புண் ஆறவில்லை. "சாப்பாட்டுக்குப் பின்னால சர்க்கரை ஏறினா இன்னொரு ஊசி சேர்க்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொன்றா? நடுங்கிப் போனேன். வீட்டில் தினமும் பார்த்து எழுதச் சொன்ன நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து, நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து என்று அழகழகாக நிரப்பினேன்.

சிஸ்டர் நோட்டைப் புரட்டினார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, எழுத்தெல்லாம் ஒரே மாதிரி குலுங்குதே. மூணு மாசமா பஸ்லயேவா குடியிருந்தீங்க?"

"கை நடுக்கம் சிஸ்டர்."

"அப்படியா? இங்க உங்க பேரை எழுதுங்க பாப்போம்."

எழுதினேன். ஐந்தாவதோடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மாட்டிக்கொண்டேன்! விரலில் குத்திப் பார்த்தார். முந்நூற்று எண்பத்தாறு.

திட்டினாரா? இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் புண்ணைப் பார்த்தபடி கேட்டார்: "நோட்டுல நீங்க எழுதின நம்பரை டாக்டர் நம்பிடுவாரும்மா. உங்க கால் நம்புமா?"

அன்றே இரண்டாவது ஊசியும் சேர்ந்தது. அதற்கும் சிஸ்டரிடம் ஒரு வழி இருந்தது. வியாழன்தோறும் எங்களுக்கு எடுக்கும் வகுப்பில், மேஜையில் வெறும் தட்டை வைத்துக் கரண்டியால் டங்கென்று தட்டுவார். "ஒரு ஊசி நாள் முழுக்க நிக்கிற வாட்ச்மேன். சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அவர் வேலைக்கு வரணும். இன்னொண்ணு, விருந்தாளி வந்தா மட்டும் கூப்பிடுற ஆள். சாப்பாடு தட்டுல வந்தாச்சா? அப்பதான் கூப்பிடணும். வெறும் தட்டுக்குக் கூப்பிட்டீங்கன்னா, வந்தவர் உங்களையே கீழ தள்ளிடுவார்!"

எத்தனை வியாழக்கிழமை வகுப்புகள்! எத்தனை டங்குகள்! நாலு மாதத்தில் என் புண் மூடியது.

சிஸ்டர் படுக்கையில் இருந்தபோது போய்ப் பார்த்தேன். மனதில் கிடந்த ஒன்றைச் சொன்னேன்: "அப்புறமும் ஒரு தடவை பொய் எழுதினேன் சிஸ்டர். பேரன் கல்யாணத்தன்னிக்கு."

மூச்சு வாங்கச் சிரித்தார். "தெரியும்மா. அன்னிக்கு மட்டும் நூறுன்னு எழுதியிருந்தீங்க. கல்யாண வீட்டுல யாருக்கு நூறு வரும்?"

இத்தனை நாள் பாரம் அங்கேயே இறங்கியது. மிச்சம் இருந்தது ஒரு பயம்தான். வியாழக்கிழமை வகுப்பு நின்றுவிடும், அந்த அறையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள் என்ற பேச்சு. அழத்தான் வந்தேன். ஆனால் சற்று முன் பெரிய டாக்டர் எழுந்து, "வகுப்பு நடக்கும், அறையும் அங்கேயே இருக்கும்" என்றாரே, அப்பாடா! என்னைப் போல எத்தனை பேர் நிம்மதியாக மூச்சு விட்டீர்கள்!

இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன். ஊசி அளவை டாக்டரும் சிஸ்டர்மார்களும் சொல்லட்டும். நோட்டுகளை நான் பார்க்கிறேன். குலுங்கிய எழுத்து என் கண்ணுக்குத் தப்பாது, எழுதியவள் ஆயிற்றே!

மகனே, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இங்கே வைத்திருப்பது வேலைக்குச் சேர்ந்தபோது அடையாள அட்டைக்கு எடுத்த படம். விறைப்பாக யாரோ நிற்கிறார். எங்களுக்கு இவரைத் தெரியாது. போன வருடம் நீ எடுத்தாயே, ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கரண்டி, வாயெல்லாம் சிரிப்பு! அதைப் பெரிதாக்கி அந்த அறையில், நோட்டு வாங்கும் மேஜைக்கு மேலே மாட்டு. பஸ்ஸில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நோட்டை நீட்டட்டும்.