பூஜ்யத்தில் ஏறிய உப்பு

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, இரங்க நேரமின்றி மைக்கோடு மல்லுக்கட்டும் சங்கத் தலைவர் வாசுதேவன் அவர்களே! மின்விசிறிக்கு நேராக இடம்பிடித்த மூத்தோர்களே! குழந்தையை இடுப்பில் தாங்கி நிற்கும் தாய்மார்களே! நாவலூருக்குக் குடிவந்து நல்ல தண்ணீரின் ருசியை மறந்த நண்பர்களே! வணக்கம்.

நம் குடியிருப்பின் வரவேற்பறைத் தொட்டியில் கடல் மீன்கள் செத்து மிதந்தன. கொன்றது யார்? தீர்மானம் தயாராக இருக்கிறது. மீன் கொண்டுவந்து தொட்டியைப் பார்த்துக்கொண்ட புதுப்பட்டினம் ஜெரோம், மருந்தடித்து மயக்கிப் பிடித்த மீனை விற்றாராம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். அவர் படம் முன்பே வாட்ஸப்பில் ஏறிவிட்டது. மற்ற குடியிருப்புகளும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டன. தூக்கில் போட்டுவிட்டு, விசாரணைக்கு நாற்காலி போட்டிருக்கிறோம்!

நேற்று வாசல் கேட்டருகே ஜெரோமைக் கேட்டேன். “நானும் உங்க உப்பு மீட்டரத்தான் சார் நம்புனேன். முப்பத்தஞ்சு காட்டிகினே இருந்திச்சு. கடல்லயும் அதானே? அப்பறம் இன்னாத்துக்கு சாவுது?” என்றார்.

அந்தக் கருவி இதோ. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, கண்ணில் வைத்துப் பார்த்தால், மேலே நீலமும் கீழே வெள்ளையும் சேரும் கோடு உப்பின் அளவைக் காட்டும். அதற்கு முன் உப்பே இல்லாத நீரை விட்டு, திருகைத் திருப்பிப் பூஜ்யம் வைக்க வேண்டும். நாமும் வைத்தோம். மாதம் பிறந்தால், சந்தனப் பொட்டிட்டு, சூடம் காட்டி, செயலாளர் பிரபாவதி அம்மையாரின் திருக்கரத்தால் பூஜ்யம் வைத்தோம்.

எந்த நீரில்?

பின்வரிசை அண்ணாத்த சொல்கிறார், “கொழா தண்ணிலதான்!”

ஆம், நம் குழாய்த் தண்ணீர்! ஷவர் துளையை அடைத்த தண்ணீர். வாளியில் வெள்ளை பூத்த தண்ணீர். நம் தலைமுடியை வழியனுப்பிய தண்ணீர். அந்த உப்பை உப்பில்லை என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தோம். கோடை ஏற, போர்வெல் நீர் இறங்க, உப்பு ஏறியது. மாதாமாதம் பூஜ்யமும் கூடவே ஏறியது. கருவி குறைத்துக் காட்ட, அதை நம்பி உப்பைக் கூட்ட, தொட்டி கடலைத் தாண்டிக் கரித்தது. கருவி முப்பத்தைந்து என்றது. மீன் மேலே வந்து வாயைத் திறந்தது. நாம் மீனை நம்பவில்லை, மீட்டரை நம்பினோம்.

சந்தேகமா? இது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஒரு சொட்டு விடுகிறேன். கோடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். தலைவர் பார்க்கட்டும். என்ன தெரிகிறது?

“கோடே காணோமே சார். முழுக்க நீலமா கீது.”

கோடு நம் உப்புத் தண்ணீர்ப் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது, ஐயா. அங்கே எண்களே கிடையாது.

கைதட்டாதீர்கள். செத்தவை செத்தவைதான். ஒரே ஒரு கோமாளி மீன் பாறை இடுக்கில் மூச்சு வாங்குகிறது. உப்பை ஒரே நாளில் இறக்கினால் அதுவும் போகும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். பிழைக்குமா? தெரியாது. பக்குவம் தெரிந்த கை ஜெரோமுடையது. அவரை உள்ளே விடக் கூடாதென்று வாட்ச்மேனுக்கு உத்தரவிட்டவர்கள் நாம்.

பழகிவிட்ட எதையும் பூஜ்யம் என்று எழுதிக்கொள்கிறோம். குழந்தைக்கு ஆற்றும் பாலிலும் அந்தத் தண்ணீர்தான், தாய்மார்களே.

தீர்மானத்தைக் கிழித்துவிடுங்கள். படத்தைப் போட்ட அதே குழுவில், பிழை நம்முடையது என்று இப்போதே போடுங்கள். ஜெரோம் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். தலைவரே, எழுந்து வாருங்கள்; மன்னிப்பை அங்கே போய் அவரிடமே கேட்போம்.

பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. மூச்சு வாங்கும் அந்த மீனுக்கும் சேர்த்து, வணக்கம்.