ஒரே ஒரு தபா திட்டேன்

திருவொற்றியூரிலிருந்து கல்மண்டபம் வரும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த நடுவயதுக்காரர் தம் மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது இன்றும் என் காதில் இருக்கிறது.

“மேரி, ஒரே ஒரு தபா என்னிய திட்டேன்.”

“மாட்டேன்யா. தவக்காலத்துக்கு நீ சிகரெட்ட வுட்ட, நான் சண்டைய வுட்டேன். மாதா முன்னாடி சொல்லிக்கீறோம்.”

“நீ திட்டுனா எனக்கு பேஜாராவும். பேஜாரானா ஒண்ணு பத்த வச்சிக்கலாம். மாதாவே ஒண்ணும் சொல்லாது.”

“போன மாசம் சந்தோஷமா கீதுன்னு பத்த வச்சியே?”

“அது சந்தோஷ சிகரெட்டு. இது வேற.”

அவருடைய விரல்கள் வெறும் சட்டைப்பையைத் துழாவிவிட்டுத் திரும்பின. பிறகு துணிந்துவிட்டார்.

“உங்கண்ணி வைக்கிற மீன்கொழம்பு உன்னுத வுட டாப்பு.”

அந்தப் பெண்மணியின் கழுத்து விறைத்தது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். மேரியோ சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, பூசையில் மறுமொழி சொல்லும் மென்குரலில் சொன்னார்:

“ஈஸ்டர் பூசை முடியட்டும்யா. அல்லாத்தையும் சேத்து வச்சிக்கினு கீறேன்.”

கணவர் ஒரு நிறுத்தம் வரைக்கும் யோசித்தார்.

“அப்ப அன்னிக்கு ஒண்ணு பத்தாது மேரி. பாக்கெட்டாவே வாங்கிடறேன்.”