தராசு சொன்னது

— எத்தனை ஆச்சு, ஜூடித்?

— எண்பத்தெட்டுங்ணா. பத்து நிமிசம் முடிஞ்சுருச்சு, பாரைக் கீழ வையுங்க.

— திரும்பவும் எண்பத்தெட்டா?

— திரும்பவும்தான், பெனிஸ்ணா.

— நாளைக்குக் குன்னூர்ல இந்த நாப்பது கிலோ இரும்புப் பாரைப் பத்து நிமிசத்துல தரையிலிருந்து தலைக்கு மேல நூறு தடவை தூக்குனாத்தான் அந்த ஜிம்முல மாஸ்டர் வேலை. இல்லீன்னா திங்கக்கெழம திருப்பூர் பஸ்ஸு. தேயிலை எஸ்டேட்டை மூடி எட்டு மாசம். ஊட்டுல சும்மா உக்காந்தவன் மூஞ்சியைப் பொண்டாட்டி எத்தனை நாளைக்குப் பாப்பா?

— மொதல்ல தண்ணியக் குடிங்க. போன மாசம் எடுத்த எடுப்புல முப்பது தூக்கீட்டு, இந்தக் கம்பத்தைக் கட்டிப்புடிச்சு நாலு நிமிசம் நின்னவரு நீங்க.

— அதான் நீ சொன்ன மாதிரி மாத்தீட்டேனே. அஞ்சு தூக்கறேன், எறக்கறேன், மூணு மூச்சு, மறுபடி கையை வெக்கறேன். பாரைக் காலை ஒட்டியே ஏத்தறேன். கையால இழுக்கறதில்ல, இடுப்பால தள்ளறேன்.

— அதெல்லாம் சுத்தமா இருக்குதுங்ணா. அம்பதுக்கு அப்புறமும் மூச்சு ஒரே சீரா போகுது. கொழுந்து மூட்டையோட மேடு ஏர்றப்ப நாங்களும் அப்படித்தான். முடியாம போயி நிக்கக் கூடாது. முடியறப்பவே நின்னுக்கோணும்.

— அப்புறம் எங்கதான் கொறையுது? எண்ணிக்கிட்டே தூக்குனா எனக்கு மூச்சு தப்புதுன்னுதான் உன்னை எண்ணச் சொன்னேன். ஆனா தோள்பட்டை சொல்லுது ஜூடித், இன்னைக்கு நூறு வந்துருச்சுன்னு.

— தோள்பட்டை சொல்றதை எழுத முடியாதுங்க. தராசு சொல்றதைத்தான் எழுதோணும்.

— இது எங்கயோ கேட்ட பேச்சா இருக்குதே.

— நீங்க பேசுனதுதான். பதினோரு வருசம் நான் பறிச்ச கொழுந்தை நீங்கதானே எடை போட்டு எழுதுனீங்க? ஒரு நா முப்பத்துநாலு கிலோ இருக்கும், முதுகு சொல்லுதுன்னேன். முப்பதுன்னு எழுதீட்டு, முதுகு சொல்றதை எழுத முடியாதுன்னீங்க.

— அது எலையில இருக்கற ஈரத்துக்குக் கழிக்கறது. ஆபீஸ்ல சொன்னாங்க, செஞ்சேன். எல்லா எஸ்டேட்டுலயும் உண்டு.

— தெரியுமுங்ணா.

— தெரிஞ்சுக்கிட்டு அதை எதுக்கு இப்ப எடுக்கறே? நான் நாளைக்குப் போகல. அங்க போயி எண்பத்தெட்டுல நின்னு கேவலப்பட என்னால ஆகாது. பேரை எடுத்துருங்கன்னு இப்பவே போன் பண்றேன்.

— போனை வையுங்க.

— விடு, ஜூடித்.

— வையுங்கன்னேன். இன்னைக்கு நீங்க தூக்குனது நூறு. நேத்தும் நூறு.

— அப்ப எண்பத்தெட்டுன்னியே?

— பன்னெண்டை ஈரத்துக்குக் கழிச்சேன்.

— இரும்புல எங்க ஜூடித் ஈரம்?

— மார்ச் மாச வெயில்ல, காஞ்சு கெடந்த எலையைக் காட்டி, நானும் உங்ககிட்ட இதையேதாங்ணா கேட்டேன்.