ஏழு நாள் ஓட்டமும் ஒரு நீளக் கிராங்கும்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் திருஞானசம்பந்தம் அவர்களே, தறியோசையைச் சற்றே நிறுத்திவிட்டுத் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, இடுப்புப் பிள்ளையோடு நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, பெரிய காஞ்சிபுரத்தின் இளஞ்சிங்கங்களே! சைக்கிள் கடைச் சிட்டிபாபுவின் வணக்கம்.

ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டப்போகும் நெசவாளத் தம்பி வீரபத்திரனை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். வாழ்த்த வந்தவன் வருந்திப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், அறுபத்து நான்கில், இதே திடலில் இவன் அண்ணன் அர்ஜுனன் ஓட்டினான். ஆள் ஐந்தடி, ஆசையோ ஆகாயம்! அவன் சைக்கிளுக்குக் கிராங்க் மாட்டியவன் யார்? இந்தப் பாவி! பெடலைத் தாங்கிச் சுழல்கிற இரும்புக் கைதான் கிராங்க். கடையில் இருந்ததிலேயே நீளமானதை மாட்டினேன். "நீளமா இருந்தா மிதி லேசா இருக்கும்பா, ஏறி ஒக்காரு" என்றேன்.

"கால் கீழ எட்டலைண்ணே" என்றான். சீட்டை இறக்கினேன். சீட்டு இறங்கியதும், பெடல் மேலே வரும்போதெல்லாம் முழங்கால் வயிற்றை இடிக்க மடங்கியது. "முட்டி நோவுதுண்ணே, சின்னது போடேன்" என்றான். "இருவது வருசமா கடை வச்சிக்கினு இருக்கறேன், எனக்கே சொல்றியா?" என்று சிரித்தேன். அறிந்தவன் என்ற ஆணவம், ஐயா!

என்ன தம்பி அங்கே? கிராங்க் ஓர் அங்குலம் நீண்டால் என்ன ஆகிவிடும் என்கிறாயா? நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். ஒரு சுற்றில் ஒன்றும் ஆகாது. நிமிடத்துக்கு ஐம்பது சுற்று. பகலெல்லாம் சுற்று, இரவெல்லாம் சுற்று! நெட்டைக் காலுக்கு உதவுகிற நீளம் குட்டைக் காலுக்குக் கூற்றுவன் அல்லவா?

ஐந்தாம் நாள் மாலை, கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே முட்டி வீங்கிச் சாய்ந்தான். வீக்கம் வடிந்தது, முட்டி மடங்கவில்லை. முட்டி மடங்காதவன் தறிக்குழியில் இறங்கி மிதிப்பது எப்படி? தறி மிதிக்காதவன் இந்த ஊரில் பிழைப்பது எப்படி? குழியில் அவன் மனைவி அம்சா இறங்கினாள். அவன் ஓரமாய் உட்கார்ந்து நூல் சுற்றினான்.

பார்க்கப் போனேன். அம்சா தறியை நிறுத்தவில்லை. "இந்தக் குழிய நோண்டும்போது அவரு கால அளந்தாங்கண்ணா. நீ அளந்தியா?" அவ்வளவுதான் கேட்டாள்.

தாய்மார்களே, காலை அளக்காமல் இங்கே எவனாவது தறிக்குழி தோண்டுவானா? அளவறிந்த ஊரில் பிறந்தும் அளக்காமல் விட்டேனே! அழுகிறேன், மறைக்கவில்லை.

நேற்று வீரபத்திரன் கடைக்கு வந்தான். "அண்ணன் ஓட்டின அதே சைக்கிள், அதே கிராங்க். மீதி ரெண்டு நாளையும் நான் முடிக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தான். மறுக்க எனக்கு வாய் ஏது? பின்னாலேயே அர்ஜுனன் காலை இழுத்துக்கொண்டு வந்தான். கையில் ஒரு மூங்கில் குச்சி, தம்பியின் காலை அளந்து நறுக்கியது. "இத்தப் பாத்துப் போடுண்ணே" என்றான். எட்டு வருடமாக ஒரு வார்த்தை திட்டாதவன்! திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நீளத்தைக் கழற்றிவிட்டேன். குட்டைக் கிராங்க் மாட்டியிருக்கிறேன்.

வீரபத்திரா, முட்டி நொந்தால் மூன்றாம் நாளே இறங்கு. யார் சிரித்தாலும் இறங்கு. ஏழு நாள் ஓட்டுவது பெருமைதான். எட்டாம் நாள் நீ தறிக்குழியில் இறங்க வேண்டும், அப்பா!

கடைசிவரை கேட்ட உங்களுக்கு நன்றி. முன்வரிசையில் மடங்காத காலை நீட்டி அமர்ந்திருக்கும் அர்ஜுனனுக்கு என் வணக்கம்.